கொல்லைப்புறத்து வேதியியல்

சிறுகுறிஞ்சான் கொடி கண்ணில் பட்டால் இரண்டு இலையைப் பறித்துக் கழுவி, நன்றாக மென்று, சாறு நாக்கு முழுவதும் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிடுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்டதுபோல் இருக்கும். உப்பு வழக்கம்போலக் கரிக்கும், புளிப்பு தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். அரைமணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம் கழித்து அது தானாகத் திரும்பி வரும். ஆய்வுக்கூடமே வேண்டாத சோதனை இது. ஓர் இலைக்குள் இருக்கும் பொருள் நம் உடம்பின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போய், ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் நிறுத்திவைக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது.

நாக்கின் சுவை மொட்டுகளில் இனிப்பை அறிவதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. சிறுகுறிஞ்சானின் ஜிம்னிமிக் அமிலங்கள் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவை விலகும்வரை சர்க்கரை வந்து தொட்டாலும் மூளைக்குச் செய்தி போவதில்லை. இந்த அமிலத்தை இலையிலிருந்து பிரித்து 1887-ல் 'நேச்சர்' இதழில் எழுதியவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் அரசாங்க வேதியியலாளராக இருந்தவர். நீலகிரியில் வளர்க்கப்பட்ட சின்கோனா மரப்பட்டையில் கொய்னா எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது அவருடைய உத்தியோகம். அதற்கு நடுவே இங்கே மக்கள் கைவைத்தியத்துக்குப் பயன்படுத்திய செடிகளையும் எடுத்துப் பிரித்துப் பார்த்தார். சிறுகுறிஞ்சானுக்கு அடுத்த ஆண்டே, 1888-ல், ஆடாதொடை இலையிலிருந்து வாசிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். நம் வேலியோரச் செடிகளின் நவீன வேதியியல் ஊட்டியில் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

'இயற்கைதானே, ஒன்றும் செய்யாது' என்று சொல்லிக் கைநிறைய இலையை அரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். 'பாட்டி வைத்தியம்தானே, அதில் என்ன இருக்கிறது' என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் செய்வது ஒரே தவறு: இலைக்குள் ஒன்றும் இல்லை என்று நம்புவது. வீட்டு மூலிகை உண்மையிலேயே மருந்து என்பது என் உறுதியான எண்ணம். அதனாலேயே எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று மற்ற மருந்துகளிடம் கேட்கும் கேள்விகளை எல்லாம் இதனிடமும் கேட்டாக வேண்டும்.

சிறுகுறிஞ்சானிடமே முதலில் கேட்போம். நாக்கில் இனிப்பை மறைப்பதும் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டாவது கேள்வியும் சென்னையிலேயே ஆராயப்பட்டது. 1990-ல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு வழக்கமான மாத்திரைகளோடு சிறுகுறிஞ்சான் இலைச் சாரம் நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் தரப்பட்டது. சர்க்கரை அளவு இறங்கியது. ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அங்கே யார் எதை எடுக்கிறார் என்பதை மறைத்து, குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே மாத்திரையை விட்டுவிட்டு இலைக்கு மாறலாம் என்று அந்த ஆய்வை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது. அந்த ஐந்து பேர்கூட மருத்துவர்களின் கண்காணிப்பில், இரத்தச் சோதனையை வைத்துத்தான் நிறுத்தினார்கள். மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியையும் யாருக்கும் சொல்லாமல் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம்.

இனி ஆடாதொடை. ஆடு தின்னாத செடி என்பதால் தோட்டத்துக்கு வேலியாக நட்டிருப்பார்கள். மாவிலை போல நீண்ட இலை, வெள்ளைப் பூ, வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கசப்புதான் செடியின் தற்காப்பு. ஓடித் தப்பிக்க முடியாத உயிர் வேதிப்பொருளைத் தயாரித்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. பூச்சியின் நரம்பையோ ஆட்டின் நாக்கையோ குறிவைத்து உருவான அந்தப் பொருள்களுக்கு நம் நரம்பும் தசையும் முற்றிலும் அந்நியம் அல்ல, ஏனென்றால் விலங்குகளின் உயிரணுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் புரதங்களால்தான் இயங்குகின்றன. மூலிகைக்கு மருந்துக் குணம் வந்தது இந்த வழியில்தான். செடி நமக்காக எதையும் செய்யவில்லை.

இருமல், இரைப்பு, சளியில் இரத்தம் ஆகியவற்றுக்கு ஆடாதொடை தலைமுறைகளாகத் தரப்பட்டு வருகிறது. வீட்டில் செய்வது எளிது. இரண்டு மூன்று இலையைக் கிள்ளிப் போட்டு, நாலைந்து மிளகைத் தட்டிச் சேர்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் கால் டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டி, பனங்கற்கண்டோ தேனோ கலந்து குடிப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஆடாதொடை மணப்பாகு என்று பாகாகவும் கிடைக்கும். இதில் வேலை செய்வது என்ன? வாசிசினும் அதிலிருந்து உண்டாகும் வாசிசினோனும் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவதை விலங்குச் சோதனைகள் காட்டின. அதோடு கதை நிற்கவில்லை. வாசிசினின் மூலக்கூறு அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஐரோப்பிய வேதியியலாளர்கள் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1960-களில் அது விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் பொருள்களில் ஒன்று ஆம்ப்ராக்சால். பின்னர் அதுவே தனி மருந்தாகியது. இருமல் மருந்துப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். இறுகிய சளியை நீர்க்கச் செய்து வெளியேற்றுவது இவற்றின் வேலை. மருந்துக் கடை அலமாரியில் இருக்கும் பாட்டிலும் கொல்லையில் இருக்கும் செடியும் ஒரே குடும்பத்து உறவுகள்.

கசப்பைப் பற்றி இன்னொரு செய்தி. கசப்பை உணரும் புரதங்கள் நாக்கில் மட்டும்தான் இருக்கின்றன என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2010-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித மூச்சுக்குழாயின் தசையிலும் அவை இருப்பதையும், அவற்றைத் தூண்டினால் தசை தளர்வதையும் கண்டறிந்தார்கள். கசப்பான எதைக் குடித்தாலும் இரைப்பு அடங்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. குடித்த பொருள் போதிய அளவில் நுரையீரலைப் போய்ச் சேர வேண்டும். ஆனாலும் இருமலுக்குக் கசப்பைத் தேடிய பழைய வழக்கத்தை இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு புதிய கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது.

ஆடாதொடையிடம் 'யாருக்கு' என்ற கேள்வியைக் கேட்டால் பதில் கண்டிப்பாக வருகிறது. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு. ஜம்முவில் இருந்த வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தில் சி. கே. அடல் என்பவரின் தலைமையில் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கர்ப்பிணிப் பெண்கள் ஆடாதொடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. 'எத்தனை நாள்' என்ற கேள்விக்கும் பதில் கண்டிப்பானதே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. பழைய ஏடுகள் ஆடாதொடைக்குப் பொருத்திச் சொன்ன குறிகளை, அதாவது ஓயாத இருமல், சளியில் இரத்தம், இளைத்துப் போதல் ஆகியவற்றை, இன்று படித்தால் அவற்றில் பல காசநோயின் குறிகள் என்பது தெரியும். கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும், சளியை இளக்கும். ஆனால் காசநோய்க் கிருமியை அழிக்காது. இதமாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் நோய் முற்றும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் பரவும். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம்.

தூதுவளைக்கு இவ்வளவு நீண்ட கதை இல்லை. ஆனால் நேர்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தூதுவளைப் பொடி, கண்டங்கத்தரிப் பொடி இரண்டையும் 300 மில்லிகிராம் அளவில் கொடுத்து, மூச்சின் வேகத்தைக் கருவியால் அளந்து 1999-ல் வெளியிட்டார்கள். இரண்டுமே மூச்சை எளிதாக்கின. ஆனால் டெரிஃபிலின், சால்பியூட்டமால் மாத்திரைகள் அளவுக்கு இல்லை. எவ்வளவு பயனுள்ள பதில் பாருங்கள்! தூதுவளைத் துவையலும் ரசமும் சளிக்காலத்தில் சாப்பிடத் தகுந்தவைதான். மூச்சுத் திணறி உதடு நீலம் பாரிக்கும் பிள்ளைக்கு அவை போதாது.

மூலிகை வைத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பக்குவம். எதைப் பச்சையாகத் தருவது, எதை உலர்த்துவது, எதை எண்ணெயில் இறக்குவது என்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம் போலத் தெரியும். வேதியியல் தெரிந்தவர் பார்த்தால் அப்படித் தோன்றாது. சித்த மருத்துவம் இஞ்சியையும் சுக்கையும் இரண்டு தனி மருந்துகளாகவே நடத்துகிறது. இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. இஞ்சி உலரும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி, மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து, ஷோகால் என்ற வேறு பொருளாக மாறுகிறது. அதன் காரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே சுக்கு என்பது தண்ணீர் வற்றிய இஞ்சி மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் சரக்கே மாறிவிட்ட பொருள். குமட்டலுக்கு இஞ்சி உதவுகிறது என்பதற்குப் பல மருத்துவப் பரிசோதனைகள் சான்று தருகின்றன. கர்ப்பகால மசக்கைக்கும்கூட மிதமான அளவில் அது ஏற்கப்பட்ட ஒன்று.

கற்பூரவல்லி எனும் ஓமவல்லியின் மணம் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்ப் பொருள்களால் வருவது. ஓமத்தின் மணமும் தைமால்தான். இவை ஆவியாகிப் பறக்கக்கூடியவை. ஆடாதொடையைப் போல இதையும் அரைமணி நேரம் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. இலையை வாட்டிச் சாறு பிழிவதும், கொதித்த தண்ணீரில் போட்டு மூடிவைப்பதும் நம் வீடுகளில் இருக்கும் வழக்கம். அது சரியான வழக்கம். நொச்சி இலை போட்டு வேது பிடிப்பதில் மூக்கடைப்பு விலகும், தலைபாரம் குறையும், கிருமி சாகாது. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் உட்கார வைக்கவே வேண்டாம். வெந்நீர் கொட்டிப் புண்ணாகி மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பழந்தமிழ் அறநூல் ஒன்று அந்தப் பெயரையே தாங்கி நிற்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் எத்தனையோ கலவைகளுக்குள் இந்த மூன்றும் வந்து உட்கார்ந்திருப்பது ஏன் என்ற கேள்வியை ஜம்முவின் அதே சி. கே. அடல் 1970-களின் இறுதியில் எழுப்பினார். இவை தாமாக நோயைக் குணப்படுத்துவதைவிட, கூட வரும் மருந்தை உடலுக்குள் அதிகம் சேரச் செய்கின்றனவோ என்பது அவருடைய ஊகம். ஊகம் சரியென்று தெரிந்தது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், குடலிலும் கல்லீரலிலும் அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் நொதிகளின் வேகத்தைக் குறைக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அளவைக் குறைத்து, பைப்பரினைச் சேர்த்துத் தயாரித்த மாத்திரை 2009-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது இந்த ஆராய்ச்சியின் கனி.

மஞ்சள் பாலில் மிளகு சேர்ப்பதற்கும் இதே விளக்கம்தான். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமினின் அளவு 2000 சதவீதம் கூடியது. அந்த 20 மில்லிகிராம் பைப்பரின் பத்து மிளகுக்குள் அடங்கிவிடும். குர்குமின் கொழுப்பில்தான் கரையும், பாலில் கொழுப்பு இருக்கிறது. ஆக, மஞ்சள், மிளகு, பால் என்ற கூட்டணி வேதியியல்படி பொருத்தமானது. இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையைச் சொன்னதாகும். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டித் தூளில் நூறு மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட இருபது தேக்கரண்டிக்கு மேல் வேண்டும். 2000 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் தொடக்கத்தில் இரத்தத்தில் சேர்வது மிக மிகக் குறைவு என்பதால் பெருகிய பிறகும் அது கொஞ்சம்தான். குர்குமினை மாத்திரையாக்கிப் பெரிய நோய்களுக்குத் தரும் முயற்சிகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. உறுதியான வெற்றி இன்னும் வரவில்லை. இரவில் ஒரு டம்ளர் மஞ்சள் பால் தொண்டைக்கு இதம், நல்ல உணவு. அதைத் தாராளமாகக் குடிக்கலாம். அடர்த்தியாக்கிய மஞ்சள் மாத்திரை வேறு விஷயம். பைப்பரின் சேர்த்த அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சமையலறையில் பல நூற்றாண்டுகள் பழகிய பொருள் என்ற நற்சான்று, அதைப் பல மடங்கு அடர்த்தியாக்கிய மாத்திரைக்குச் செல்லாது.

கீழாநெல்லியின் கதை இவற்றிலேயே முக்கியமான ஒன்று. மஞ்சள்காமாலை என்றதும் தமிழ்நாட்டில் யார் வாயிலும் முதலில் வரும் பெயர் அது. வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய், காரம் நீக்கிப் பத்தியம். குணமாகி எழுந்தவர்கள் ஊருக்கு ஊர் சாட்சி சொல்வார்கள். அந்தச் சாட்சிகள் பொய் சொல்லவில்லை. ஆனால் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ வகைக் காமாலை, எந்த மருந்தும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். ஓய்வும் நீர்ச்சத்தும் எளிய உணவும் போதும். தானாக ஆறும் நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் அந்த மருந்துக்கே பெயர் கிடைக்கும். உண்மையை அறிய ஒரே வழி, மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிடுவது.

அந்த ஒப்பீட்டைச் செய்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழு. அவர்கள் எடுத்துக்கொண்டது ஏ வகையை அல்ல, கடினமான பி வகையை. உடம்பில் பல ஆண்டுகள் தங்கி, கல்லீரல் இறுக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும் வைரஸ் அது. அந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க் இந்த ஆராய்ச்சியில் கைகோத்தார். 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 59 சதவீதம் பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர்ச் செடி சாதித்தது என்று தமிழர்கள் பெருமைப்பட்டார்கள்.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் வேறு இடங்களிலும் அதே சோதனையைச் செய்தார்கள். அந்த முடிவு திரும்ப வரவில்லை. 2011-ல் எல்லாப் பரிசோதனைகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. செடி வளர்ந்த மண்ணும் பறித்த பருவமும் காரணமாக இருக்கலாம். முதல் ஆய்வில் ஆள் எண்ணிக்கை குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம். இதைத் தோல்விக் கதையாக நான் பார்க்கவில்லை. நம் செடியை நம் ஊர் விஞ்ஞானிகள் உலகின் கடுமையான அளவுகோலில் நிறுத்திப் பார்த்தார்கள் என்பதே பெருமைக்கு உரியது. அளவுகோல் 'இன்னும் நிரூபணம் இல்லை' என்று சொன்னால் அதையும் ஏற்பதுதான் நேர்மை. இன்று பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது. அதே பிளம்பெர்க்கின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்ததுதான் அதுவும்.

காமாலை என்பது ஒரே நோயும் அல்ல. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எலிக் காய்ச்சலிலும் ஆகும், மாத்திரைகளின் பக்கவிளைவாலும் ஆகும். இ வகை வைரஸ் கர்ப்பிணிகளின் உயிரையே பறிக்கக்கூடியது. கீழாநெல்லி கொடுக்க நினைப்பவர்கள் கொடுக்கட்டும். முதலில் இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் செய்து, எந்தக் காமாலை என்று தெரிந்துகொண்ட பிறகு கொடுக்கட்டும்.

எது கீழாநெல்லி என்பதிலும் சிக்கல் உண்டு. அதன் பேரினத்தில் உருவத்தில் ஒத்த செடிகள் பல. தென்னிந்தியக் கடைகளில் அந்தப் பெயரில் விற்ற சரக்குகளை வாங்கி மரபணுவைக் கொண்டு சோதித்த ஆய்வு 2010-ல் வெளியானது. சுமார் முக்கால்வாசி சரக்கில் சரியான செடி இருந்தது. மீதியில் அதே பேரினத்தின் வேறு செடிகள். காய்ந்து பொடியான பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது. வீட்டுத் தொட்டியில் நாமே வளர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்குகள். டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழக அரசே இதைக் காய்ச்சி ஊற்றியது. நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு சளி, தொண்டை வலிக் காய்ச்சல்களின் தொல்லையைக் குறைப்பதற்குப் பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஆதாரம் உண்டு. டெங்குவில் மனிதர்களிடம் செய்த வலுவான சோதனைகள் போதிய அளவில் இல்லை. குடிநீர் குடிப்பவர்கள் மறக்கக் கூடாதது ஒன்று: டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை, பெரும்பாலும் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் வருகிறது. அப்போது கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்டது, குடிநீர் கேட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயரும். பிறந்த குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கல்லில் வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், கடுக்காய், மாசிக்காய் உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர், விளக்கு வைத்த பிறகு பெயரைச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்று கேட்கும் மரியாதை அதற்கு. அவ்வளவு அன்போடு கொடுக்கப்படும் அந்தக் கிழங்கில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. நீண்டகாலம் கொடுத்த எலிகளுக்கு அது புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வட அமெரிக்க வசம்பு இனத்தில் இந்தப் பொருள் கிடையாது, ஐரோப்பிய இனத்தில் குறைவு, நம் ஆசிய இனத்தில்தான் மிக அதிகம்.

வேப்பெண்ணெயின் கதை இன்னும் கடுமையானது. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் சிறு உபாதைகளுக்காகக் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதும், சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதும் 1981-ல் 'லான்செட்' இதழில் பதிவாயின. பெரியவர் தோலில் தடவும்போது தொல்லை தராத எண்ணெய், மூன்று கிலோ எடையுள்ள உடம்புக்குள் போனால் நஞ்சாகிறது. குழந்தையின் கல்லீரலுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் இன்னும் வந்திருக்காது. தேன்கூட ஒரு வயது நிரம்பும்வரை கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். உரைகல்லைக் கழுவி எடுத்து வையுங்கள்.

நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்கு என்று சொல்லிப் பூவையும் இலையையும் தின்பவர்களையும் இங்கே எச்சரிக்க வேண்டும். அந்த நம்பிக்கையைப் பின்தொடர்ந்துதான் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950-களில் அந்தச் செடியைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ஆனால் சோதனை எலிகளின் வெள்ளணுக்கள் சரிந்தன. அப்படிக் கிடைத்த வின்பிளாஸ்டினும், அதன் பிறகு கிடைத்த வின்கிரிஸ்டினும் இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயையும் வேறு புற்றுநோய்களையும் குணப்படுத்த உதவுகின்றன. மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியில் ஏற்றும் மருந்து அது. அதைத் தரும் செடியை வெறும் வயிற்றில் மெல்லுவது அறிவுடைமை ஆகாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓமவல்லியும் துளசியும் தூதுவளையும் ஆடாதொடையும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். சளி, செரியாமை, குமட்டல், தொண்டைக் கரகரப்பு என்று தானாக ஆறும் சின்ன உபாதைகளுக்கு இவை இதமும் ஓரளவு குணமும் தருகின்றன. தேவையில்லாத ஆன்டிபயாடிக் மாத்திரைகளிலிருந்து பல பேரைக் காப்பாற்றுகின்றன. இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எல்லைக்கோடு மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

அங்கே போகும்போது கஷாயத்தைப் பற்றியும் சொல்லுங்கள். பைப்பரின் மற்ற மருந்துகளை உடலில் அதிகம் சேரச் செய்யும் என்று பார்த்தோம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரைப்புக்கான தியோஃபிலின், இதயத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் அதனால் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. திட்டுவார்களோ என்று பயந்து பலர் நாட்டு மருந்தை மறைக்கிறார்கள். மறைக்காதீர்கள். மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'வேறு என்ன மாத்திரை?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'வீட்டில் என்ன காய்ச்சிக் குடிக்கிறீர்கள்?' என்றும் கோபமில்லாமல் கேளுங்கள்.